ஆரை எலும்பில் ஒரு கறை

ஃபிலிம் என்றதும் ஒருவருக்குச் சினிமா ஞாபகம் வந்தால் அவர் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை. சிவகாசியில் ஃபிலிம் என்றால் அச்சுக்குப் போகிற ஃபிலிம். வெடி லேபிள், தினக் காலண்டர், பள்ளிக்கூடத்துச் சார்ட் எதுவானாலும் முதலில் ஃபிலிமாக என் மேஜைக்குத்தான் வரும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை அது. அதில் ஃபிலிமை விரித்து, வெட்டி, இடம் பார்த்து ஒட்டி, கறை தெரிந்தால் பிளேடு முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, அச்சுத் தகடு போட அனுப்ப வேண்டும். இந்த வேலைக்குப் பேஸ்டிங் என்று பெயர். நல்ல கண்ணும் நடுங்காத வலது மணிக்கட்டும் இருந்தால் சோறு கிடைக்கும். எனக்கு இரண்டும் இருந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த வலது மணிக்கட்டில்தான் வலி வந்தது. கட்டைவிரலுக்கு நேர் கீழே, உள்ளுக்குள் யாரோ மெல்ல அமுக்குவது போன்ற வலி. பிளேடு பிடிக்கிறவனுக்குக் கை வலிக்காமல் வேறு என்ன வலிக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். சாத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர்தான் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "இந்த இடத்துல எலும்பு அரிச்ச மாதிரி இருக்கு. மதுரையில எலும்பு டாக்டர்கிட்ட காட்டிருங்க. தள்ளிப்போடாதீங்க" என்றார்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் நேரே மதுரை பஸ்ஸைப் பிடித்திருப்பான். நான் சிவகாசி பஸ்ஸில் ஏறிப் பிரஸ்ஸுக்குப் போனேன்.

எக்ஸ்ரேவும் ஃபிலிம்தானே. என் மேஜையிலேயே அதை விரித்து விளக்கைப் போட்டேன். ஆள் ஆளுக்கு எட்டிப் பார்த்தார்கள். எங்கள் போர்மேன் ராமர் அண்ணன் வந்து லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். சென்னையிலிருந்து வந்த ஃபிலிமைக்கூடக் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர் அவர். வெள்ளையாகத் தெரிந்த எலும்பின் முனையில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. அவர் அதை நன்றாகப் பார்த்தார்.

"ஏலே, இது டெவலப்பர் கறைலே" என்றார். "கழுவுற பய மருந்துத் தண்ணியைத் தெறிக்க விட்டுருக்கான். நம்ம டார்க் ரூம்ல தெனம் பாக்கமா இல்லையா?"

"டாக்டர் அரிச்சிருக்குன்னு சொல்றாரேண்ணே?"

"அவரு ஊசி போடுற ஆளு. ஃபிலிமைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? சுரண்டுனா போயிரும். குடு பிளேடை."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. கறுப்பாக ஏதாவது தெரிந்தால் கறை என்றே பார்த்துப் பழகிய கண்கள் எங்களுக்கு. அந்த ஃபிலிமை உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். தீபாவளி சீசன், லேபிள் ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. அது முடிந்ததும் காலண்டர் ஆர்டர் வந்தது. மணிக்கட்டு வீங்கியது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். என் மனைவி முத்துலட்சுமிக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. காலையில் வேன் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துப் பார்த்து, "மதுரைக்குப் போயிட்டு வந்திருவமா?" என்று கேட்பாள். கறைக்கு யாராவது வைத்தியம் பார்ப்பார்களா என்று நான் கேட்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்த வேட்டியைப் பிழிந்தேன். கைக்குள் சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. வேட்டி கீழே விழுந்தது. கை எனக்குச் சம்பந்தமில்லாத பொருளாக மணிக்கட்டோடு தொங்கியது. முத்துலட்சுமி ஓடி வந்து அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டாள். நான்தான் கத்தினேன்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெளி நோயாளிகள் வரிசை, எக்ஸ்ரே வரிசை, ரத்தம் எடுக்கிற வரிசை என்று நின்று நின்றே வலி மரத்துப்போனது. பெஞ்சில் இடம் கிடைத்தால் முத்துலட்சுமி என்னை உட்கார வைத்துவிட்டு, கூட்டம் கையில் இடித்துவிடாமல் முன்னால் நின்றுகொள்வாள். பட்டாசுக் கம்பெனி என்று அவள் வாயில் வந்தவுடன் எல்லோரும் "வெடி கேஸா?" என்றார்கள். இல்லை, வேட்டி பிழிந்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. பணக் கணக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏழைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

எலும்பு டாக்டர் நிதானமான மனிதர். புது எக்ஸ்ரேவை விளக்குப் பெட்டியில் மாட்டினார். பழைய ஃபிலிமையும் கேட்டார். முத்துலட்சுமி அதைக் கொண்டு வந்திருந்தாள். பழையதில் கொட்டைப் பாக்கு அளவு இருந்த கறுப்பு, புதியதில் எலும்பின் முனையையே காணாமல் அடித்திருந்தது. ஓரத்தில் முட்டை ஓடு மாதிரி மெல்லிய கோடு மட்டும் இருந்தது. அதுவும் உடைந்திருந்தது.

"இது எடுத்து எம்புட்டு நாளாச்சு?" என்று என்னிடம் கேட்டார். முத்துலட்சுமி, "தீபாவளிக்கு முந்தி சார்" என்றாள்.

ஊசியால் உள்ளே குத்திச் சதையும் ரத்தமுமாகக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு வரும் வரைக்கும் நான் மனுஷனாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாராவது சிரித்தால் எரிச்சலாக வரும். மொட்டை மாடிக்குப் போகிற படி எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் விசாரித்து வைத்துக்கொண்டேன். எதற்கு விசாரித்தேன் என்று முத்துலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. கழிப்பறைக்குப் போனால்கூடப் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

முடிவு வந்தது. ஜெயன்ட் செல் ட்யூமர் என்றார்கள். எலும்பின் முனையில் வருகிற கட்டி. புற்றுநோய் என்று முழுசாகச் சொல்ல முடியாது, அதன் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் உடம்பு முழுக்கப் பரவாது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் எலும்பைத் தின்றுகொண்டே இருக்கும். எடுத்துப் போட்டாலும் சில பேருக்குத் திரும்ப வரும்.

"முன்னாடியே வந்திருந்தா சுரண்டி எடுத்துட்டு அந்த இடத்தை அடைச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். சுரண்டி என்ற வார்த்தை என் நெஞ்சில் குத்தியது. "இப்ப ஓடு உடைஞ்சு வெளிய வந்திருச்சு. அந்த எலும்போட முனையை வெட்டித்தான் எடுக்கணும். நரம்பு, சதை எல்லாத்தையும் பிடிச்சிருந்துச்சுன்னா முழங்கைக்குக் கீழ கையை எடுக்க வேண்டி வரலாம். திறந்து பாத்தாத்தான் தெரியும். எடுக்க வேண்டி வந்தா எடுக்கலாம்னு இப்பவே சம்மதம் எழுதித் தரணும்."

வலது கையை எடுக்கச் சம்மதித்து இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் ராமர் அண்ணன் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழமும் சுருட்டிய ஒரு காகிதமும் இருந்தன. என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

"டாக்டருக எந்த எலும்பச் சொல்றாகன்னு தெரிய வேண்டாமாலே" என்று காகிதத்தைக் கட்டிலில் வைத்தார். "நம்ம அடிச்சதுதான்."

விரித்தால் எலும்புக்கூடு. பள்ளிக்கூடங்களுக்குப் போகிற சார்ட். வருஷா வருஷம் லோடு லோடாக அடித்துத் தள்ளியிருக்கிறோம். அதில் ஒவ்வொரு எலும்புக்கும் பெயரை ஒட்டியவன் நான். கோடு நேராக இருக்கிறதா, எழுத்து சாய்கிறதா என்று பார்த்தேனே தவிர, ஒரு பெயரைக்கூட வாசித்ததில்லை.

"அன்னைக்கு அந்தக் கறை..." என்று ராமர் அண்ணன் ஆரம்பித்தார். வராந்தாவுக்குப் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். முத்துலட்சுமி அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவரைத் திட்ட எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அன்றைக்கு நானும் சேர்ந்துதானே சிரித்தேன்.

அப்புறம் மத்தியானங்களில் எங்களுக்கு அதுதான் வேலை. சார்ட்டை என் காலடியில் விரித்து முத்துலட்சுமி எழுத்துக் கூட்டி வாசிப்பாள். வாசித்ததைத் தன் உடம்பில் ஒரு முறையும் என் உடம்பில் ஒரு முறையும் தொட்டுப் பார்ப்பாள்.

"காறை எலும்பு. ஏங்க, இது தாலிக்கயிறு கிடக்கிற இடம்."

அதிலிருந்து தோளுக்குப் போனால் முதுகுப் பக்கம் விசிறி மாதிரித் தட்டையாகத் தோள்பட்டை எலும்பு. இந்த இரண்டும் சேர்ந்தது தோள் வளையம். கை முழுதும் அதில்தான் தொங்குகிறது. தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரே எலும்பு. முழங்கைக்குக் கீழே இரண்டு. சுண்டுவிரல் பக்கம் அரந்தி, கட்டைவிரல் பக்கம் ஆரை. உள்ளங்கையைக் குப்புறத் திருப்பினால் ஆரை அரந்தியின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். சாவி திருப்புவது, வேட்டி பிழிவது, பிளேடைச் சாய்ப்பது எல்லாம் ஆரையின் வேலை. என் நோய் அந்த ஆரையின் அடி முனையில்.

"ஆரை" என்று அவள் வாசித்துவிட்டு, என் கட்டுக்கு மேலே விரலை வைத்து, தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

மணிக்கட்டில் கூழாங்கல் போல எட்டு எலும்புகள். உள்ளங்கையில் ஐந்து. விரல்களில் பதினான்கு. கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு, மற்ற விரலுக்கெல்லாம் மூன்று மூன்று. பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிற பாடத்தை நான் வேறு காரணத்துக்குப் படித்தேன். முழங்கைக்குக் கீழே வெட்டினால் என்னென்ன போகும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு நாள் அதை வாய்விட்டே கூட்டிக்கொண்டிருந்தேன். முத்துலட்சுமி சார்ட்டைப் படக்கென்று சுருட்டினாள்.

"போறதை ஏன் எண்ணுறீக? மேல எண்ணுங்க. காறை இருக்கு, தோள்பட்டை இருக்கு, கால் அம்புட்டும் இருக்கு. நான் இருக்கேன்."

நான் அழுதேன். அவள் ஆரஞ்சை உரித்து வாயில் திணித்தாள்.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வந்து என் கையைச் சுற்றி நிற்பார்கள். அவர்கள் பேராசிரியர் கேள்வி கேட்பார். கை என்னோடு சேர்ந்ததில்லை என்பது மாதிரி தூக்கிப் பிடித்துப் பேசுவார்கள். ஒரே ஒரு பெண் மட்டும், கையை இறக்கி வைக்கும்போது, "வலிக்குதாண்ணா?" என்று கேட்டுத் தலையணையைச் சரி பண்ணிவிட்டுப் போனது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். ஆரையின் முனை போய்விட்டால் மணிக்கட்டுக்குத் தாங்கல் இருக்காது. அதற்குக் காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்களாம். முழங்காலுக்குக் கீழேயும் இரண்டு எலும்புகள். பருத்தது உடம்பைச் சுமக்கிறது. வெளிப்பக்கம் மெல்லியதாக ஒன்று இருக்கிறது. அது பெரிதாகப் பாரம் சுமப்பதில்லை. அதன் தலைப்பகுதி ஆரையின் முனைக்கு ஏறக்குறையப் பொருந்துமாம். அதை வெட்டிக் கையில் வைத்துத் தகடும் திருகாணியும் போட்டு இறுக்கி, சேர்கிற இடத்தில் இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து செதுக்கிய சில்லுகளை அடைப்பார்கள். அது ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

முத்துலட்சுமி வாயைப் பிளந்தாள். "கால் எலும்பைக் கையில வைக்கிறதா? நல்லாருக்கே சார்!"

எனக்கு உடனே புரிந்தது. ஒரு ஃபிலிமில் வெட்டி இன்னொன்றில் ஒட்டுகிற வேலைதானே. "சார், ஒட்டு நேரா உக்காருமா?" என்று கேட்டேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார். "கையை விட்டு வைக்கிற மாதிரி இருந்தா, உக்கார வைக்கிறேன்" என்றார்.

மயக்கம் தெளிந்தபோது வலது பக்கம் உணர்ச்சியே இல்லை. தோளில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் கை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "முத்து, சொல்லு" என்றேன். குரல் என்னுடையதாக இல்லை.

அவள் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் பேசினாள். "கட்டைவிரலைப் பிடிச்சிருக்கேன். இது ஆள்காட்டி விரல். இது நடுவிரல்." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "மோதிர விரல். சுண்டுவிரல். அம்புட்டும் இருக்குங்க. சூடா இருக்கு." பொய் சொல்கிறாளோ என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தேன். கட்டுக்கு வெளியே வீங்கிப்போய் என் ஐந்து விரலும், அவற்றைப் பற்றிக்கொண்டு வெடி மருந்துத் தூள் கறை இன்னும் போகாத அவள் விரல்களும் தெரிந்தன.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைக்கும்தான். கால் பெருவிரலைத் தூக்கச் சொன்னார்கள். தூக்க முடியவில்லை. பாதம் துவண்டு கிடந்தது. எலும்பு எடுத்த இடத்தை ஒட்டி ஒரு நரம்பு சுற்றிப் போகிறதாம். அது அதிர்ச்சியில் இருக்கிறது, பெரும்பாலும் திரும்ப வந்துவிடும் என்றார்கள். பெரும்பாலும் என்ற வார்த்தையை டாக்டர்கள் வாயில் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப்போயிருந்தது. கையை வைத்துக்கொண்டு காலைக் கொடுத்துவிட்டேனா என்று சுவரைப் பார்த்துப் படுத்தேன். முத்துலட்சுமிதான் விடாமல் தினம் என் காலைத் தன் மடியில் வைத்துப் பாதத்தை மடக்கி மடக்கி விடுவாள். "தூக்குங்க, தூக்குங்க" என்பாள். முடியவில்லை என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் கீழே கிடந்த சோற்றை அள்ளிக்கொண்டே, "திட்டுனது போதும், தூக்குங்க" என்றாள். பெருவிரல் நூல் அளவுக்கு அசைந்தது. அவள் அந்தச் சோற்றுக் கையோடு நர்ஸை அழைக்க ஓடினாள்.

வீட்டுக்கு வந்து, கட்டுப் பிரித்து, பிளேடு பிடிக்கிற அளவுக்கு விரல் வர வெகுகாலம் ஆனது. மணிக்கட்டு முன்போல மடங்காது. ஆனாலும் பிரஸ்ஸில் என் மேஜையை ராமர் அண்ணன் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அது போதும் என்று நினைத்தேன். ஆனால் இந்த நோயில் எதற்கும் போதும் என்பது கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மதுரைக்குப் போய் ஃபிலிம் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க. ஒவ்வொரு தடவையும் நாள் நெருங்க நெருங்கச் சோறு இறங்காது. அடுத்த ஃபிலிமுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் இதை எழுதி முடிக்கிறேன்.

போன தடவை நடந்ததைச் சொல்லி நிறுத்திவிடுகிறேன்.

டாக்டர் ஃபிலிமை விளக்கில் மாட்டினார். ஒட்டு வைத்த எலும்பின் நுனியில், திருகாணிக்குக் கீழே, கறுப்பாக ஒரு புள்ளி. அவர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கறை மாதிரிதான் தெரியுது" என்றார். "கழுவும்போது பட்டிருக்கும். ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துப் பாத்துக்கலாம்."

"இப்பவே எடுங்க சார்."

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க..."

"கறைன்னு சொல்லாதீங்க சார்!" நான் கத்திவிட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அந்த வார்த்தையை எங்கிட்ட சொல்லாதீங்க. இப்பவே எடுங்க."

அவர் புது எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுபடியும் எடுத்தார்கள். அங்கே இருட்டறையில் கையால்தான் கழுவுகிறார்கள். நாங்கள் வராந்தாவில் காத்திருந்தோம். காய்வதற்கு முன்பே கேட்டதில் எக்ஸ்ரே எடுக்கிறவர் சலித்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கிளிப்போடு அதைக் கொண்டு வந்து நீட்டினார். ஆயுசு முழுக்க ஃபிலிம் பார்த்த என்னால் அதை வாங்க முடியவில்லை. முத்துலட்சுமிதான் வாங்கினாள். ஒரு கையில் டாக்டர் பார்த்த பழையது, ஒரு கையில் புதியது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஒழுகியது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அரந்தி" என்றாள். "நல்லாருக்கு." "ஆரை. தகடு. திருகாணி. இங்கன ஒட்டு... ஒட்டு நல்லாச் சேந்திருக்கு. கால் எலும்பு."

நான் தலையைத் தூக்கினேன். பழைய ஃபிலிமைப் பார்த்தாள், புதியதைப் பார்த்தாள். மறுபடி பழையதைப் பார்த்தாள்.

"முத்து."

அவள் திரும்பினாள். முகமெல்லாம் ஈரம்.

"கறைதாங்க" என்றாள். "புதுசுல அந்தப் புள்ளி இல்லை. டெவலப்பர் கறை."

"திரும்பப் பாரு" என்றேன்.

திரும்பப் பார்த்தாள்.